அடியில் தீ, மேலே பனி

“கீழ நெருப்பை வச்சுக்கொண்டு மேல பால் எப்பிடித் தம்பி குளிரும்?”

சென்ற ஆண்டுக் கோடையில், ஒன்ராறியோவில் வாழும் நண்பர் ஒருவரின் வீட்டு வாசலில் அவருடைய தாயார் எங்களிடம் கேட்ட கேள்வி இது. வாசலில் நின்றிருந்தது 1980களில் ஜெர்மனியில் கட்டப்பட்ட ஒரு கேம்பர் வேன். மடக்கினால் இருக்கை, விரித்தால் கட்டில். இரண்டு பர்னர் அடுப்பு. கை கழுவ ஒரு குட்டித் தொட்டி. அந்த மேடைக்கு அடியில் ஒரு சிறிய ஃப்ரிட்ஜ். வீட்டு மின்சாரம், வண்டியின் 12 வோல்ட் பேட்டரி, வண்டியின் வயிற்றில் தொங்கும் உருளையிலிருந்து வரும் புரோப்பேன் எரிவாயு ஆகிய மூன்றில் எதைக் கொடுத்தாலும் அது குளிர வேண்டும். எரிவாயுவில் அது குளிரவில்லை. கொளுத்தினால் ஒரு நொடி எரிந்து அணைந்தது. சில வேளைகளில் எரியவேயில்லை.

அன்று வண்டியைச் சுற்றி நின்ற நாங்கள் மூவரும் புத்தகம் வாசிக்கிறவர்கள். எங்களில் ஒருவருக்கு மட்டுமே ஸ்பானர் பிடித்த பழக்கம் உண்டு. அவர் சொன்ன யோசனை எளிமையானது. பின்புறக் குழாயை அறுத்து, பழைய வாயுவை வெளியேற்றிவிட்டுப் புதிதாக நிரப்பலாம். வீட்டு ஃப்ரிட்ஜுக்கு அப்படித்தானே செய்கிறார்கள் என்றார். நல்லவேளை, அன்று கடைகள் அடைத்துவிட்டிருந்தன. அந்த இரவில் அம்மையாரின் கேள்விக்கு விடை தேடத் தொடங்கினோம். கிடைத்தது ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு. அந்தப் பெட்டியில் எதைத் தொடலாம், எதைத் தொடவே கூடாது என்பதை எங்களுக்குச் சொன்னது அந்த வரலாறுதான்.

இயந்திரம் குளிரைச் செய்யத் தொடங்குவதற்கு முன்பு குளிர் ஒரு சரக்காக இருந்தது. அது ஏரியில் விளைந்தது, அறுவடையாயிற்று, கப்பலேறிற்று. பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடெரிக் டியூடர் என்னும் வணிகர், நியூ இங்கிலாந்தின் ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து, 1833இல் ‘டஸ்கனி’ என்ற கப்பலில் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணத்தில் கணிசமான பகுதி உருகிப்போயும் மிஞ்சியது லாபம் தந்தது. சென்னைக் கடற்கரையில் 1842இல் அவர் கட்டிய பனிக்கட்டிக் கிடங்கை நம்மில் பலர் பேருந்திலிருந்து பார்த்திருப்போம். பின்னர் கைமாறி, 1897இல் விவேகானந்தர் தங்கியதால் இன்று அவர் பெயரில் விளங்கும் ‘ஐஸ் ஹவுஸ்’தான் அது. கட்டடத்தின் வயிற்றுக்குள் ஒரு காலத்தில் மாசசூசெட்ஸ் ஏரி கிடந்தது என்ற நினைப்போடு அந்தச் சாலையில் போவது ஒரு தனி அனுபவம்.

ஆனால் சோதனைக்கூடங்களில் வேறொரு வழி அப்போதே திறந்திருந்தது. மண்பானையில் ஊற்றிய நீர் ஏன் குளிர்கிறது என்று நமக்குத் தெரியும். பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது, ஆவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. எடின்பரோவில் பேராசிரியராயிருந்த ஜான் லெஸ்லி 1810இல் இந்தப் பானை வித்தையை அதன் எல்லைவரை கொண்டுபோனார். காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு கிண்ணம் நீரையும் ஒரு கிண்ணம் கந்தக அமிலத்தையும் வைத்தார். எழும் நீராவியை அமிலம் விழுங்கிக்கொண்டே இருந்ததால் நீர் விடாமல் ஆவியாகி, எஞ்சிய நீர் உறைந்து பனிக்கட்டியாயிற்று. ஆவியைத் தின்ன ஒன்று பக்கத்தில் இருந்தால் ஆவியாதல் நிற்காது என்பது தெளிவாயிற்று.

அடுத்த அடியை வைத்தவர் மைக்கேல் ஃபாரடே. 1820களில் அவர், அம்மோனியா வாயுவை உறிஞ்சி வைத்திருந்த வெள்ளிக் குளோரைடை ஒரு வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு நுனியில் அடைத்து, குழாயை மூடினார். அந்த நுனியைச் சூடாக்கியதும் அம்மோனியா வெளியேறி, தன் அழுத்தத்தாலேயே மறுநுனியில் திரவமாகத் தேங்கியது. தீயை அகற்றியபின் வெள்ளிக் குளோரைடு ஆறிற்று. ஆறியதும் பசி வந்ததுபோல் அம்மோனியாவை மீண்டும் இழுத்தது. மறுநுனியில் இருந்த திரவம் கொதித்து ஆவியாகிப் போனது. போகும்போது அந்த நுனி சில்லிட்டுப் போனது. தாயாரின் கேள்விக்கான விடையின் முதற்பாதி இந்தக் கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கிறது. தீ நேரடியாகக் குளிரைச் செய்வதில்லை. உறிஞ்சப்பட்ட ஒன்றைப் பிரித்து அனுப்புவதே அதன் வேலை. குளிர்ச்சி, அது திரும்பி வரும் வழியில் நிகழ்கிறது.

இதைத் தொழிலாக்கியவர் ஃபெர்டினான் காரே என்ற பிரெஞ்சுக்காரர். வெள்ளிக் குளோரைடுக்குப் பதிலாக அவர் எடுத்துக்கொண்டது வெறும் நீர். தண்ணீருக்கு அம்மோனியாவின்மேல் தீராத ஆசை. தன் கன அளவைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு வாயுவை அது குடித்துவிடும். காரே 1859இல் காப்புரிமை பெற்றார். இரண்டே ஆண்டுகளில் அவருடைய இயந்திரத்துக்கு எதிர்பாராத ஒரு சந்தை உண்டாயிற்று. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டதும் வடக்கின் ஏரிப் பனிக்கட்டி தெற்கே போவது நின்றது. வடக்கின் கடற்படை துறைமுகங்களை முற்றுகையிட்டிருக்க, அந்தக் காவலைக் கடந்து காரேயின் இயந்திரங்கள் சில தெற்கே போய்ச் சேர்ந்தன. டெக்சாஸின் சான் ஆன்டோனியோவில் போர்க்காலத்திலேயே பனிக்கட்டி செய்தார்கள். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட ஒரு நாட்டுக்குள் விறகுத் தீயில் பனிக்கட்டி விளைந்தது என்பது வரலாற்றின் கசப்பான குறும்புகளில் ஒன்று.

ஆயினும் காரேயின் இயந்திரத்தில் ஒரு குறை இருந்தது. கொதிகலன் இருக்கும் பக்கத்தில் அழுத்தம் அதிகம், குளிரும் பக்கத்தில் குறைவு. அம்மோனியாவைக் குடித்த நீரைக் குறைந்த அழுத்தத்திலிருந்து மீண்டும் கொதிகலனுக்குள் தள்ள ஒரு பம்பு வேண்டும். பம்பு என்றால் அசையும் உறுப்பு. அசைந்தால் தேய்மானம், கசிவு. தொழிற்சாலைக்கு இது பொருட்டில்லை. அடுக்களைக்கு ஆகாது.

அறுபது ஆண்டுகளுக்குமேல் கிடந்த இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் ஸ்டாக்ஹோமின் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இரு இளைஞர்கள், பால்ட்சர் ஃபான் பிளாட்டென், கார்ல் முன்டர்ஸ். ஆண்டு 1922. அவர்களுடைய தீர்வை முதன்முறை புரிந்துகொண்டபோது நாங்கள் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். அழுத்த வேறுபாட்டால்தானே பம்பு தேவைப்படுகிறது. ஆகவே வேறுபாட்டையே ஒழித்துவிட்டார்கள். பெட்டியின் குளிரும் பகுதிக்குள் ஹைட்ரஜனை நிரப்பினார்கள். அதனால் குழாய்த் தொகுதி முழுவதும் மொத்த அழுத்தம் ஒன்றுதான். ஆனால் கலந்திருக்கும் வாயுக்களில் ஒவ்வொன்றும் மற்றது அங்கே இல்லாததுபோலவே நடந்துகொள்ளும் என்பது ஜான் டால்டன் 1801இல் கண்ட விதி. ஹைட்ரஜன் நிறைந்த அறைக்குள் வந்து விழும் அம்மோனியாத் துளிக்கு, அங்கே அம்மோனியா ஏறக்குறைய இல்லை என்பது மட்டுமே தெரியும். எனவே அது வெட்டவெளியில் விழுந்ததுபோல் ஆவியாகிவிடுகிறது, சுற்றியிருக்கும் வெப்பத்தை அள்ளிக்கொண்டு.

வேனின் பக்கவாட்டில் இருக்கும் கிராதியைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் இந்தச் சுற்றின் பாதி நம் கண்ணுக்கே தெரியும். அடியில் சுட்டுவிரல் நகமளவு நீலச்சுடர். அதன்மேல் கொதிகலன், உள்ளே அம்மோனியா செறிந்த நீர். சூடானதும் ஆவிக் குமிழிகள் ஒரு மெல்லிய குழாய் வழியே எழும். எழும்போது திரவத்தையும் சிறு சிறு துண்டங்களாகத் தூக்கிச் செல்லும். பால் பொங்கி மேலேறுவதுபோல. அந்தக் குமிழிதான் இங்கே பம்பு. மேலே போன ஆவியிலிருந்து நீர் பிரிந்து விழ, அம்மோனியா மட்டும் தகடுகள் பொருத்திய குழாயில் ஆறித் திரவமாகி, பெட்டிக்குள் இறங்குகிறது. அங்கே ஹைட்ரஜனைச் சந்தித்து ஆவியாகிறது, பெட்டி குளிர்கிறது. அம்மோனியா கலந்த ஹைட்ரஜன் கனமானது. அது தானாகக் கீழே வழிகிறது. கீழே, அம்மோனியாவை இழந்த நீர் அதன்மேல் சொட்டி, அம்மோனியாவை மட்டும் குடித்துவிடுகிறது. விடுபட்ட ஹைட்ரஜன் இலேசானது. தானாக மேலே போகிறது. தீ, நிறை, ஆசை ஆகிய மூன்றால் மட்டுமே இயங்கும் சுற்று இது. மோட்டார் இல்லை, ஓசை இல்லை, தேய ஒன்றும் இல்லை.

ஸ்வீடனின் எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் 1925இல் இந்த உரிமையை வாங்கியது. அதே ஆண்டுகளில் பெர்லினில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் ஒரு செய்தியை நாளிதழில் படித்தார். ஃப்ரிட்ஜிலிருந்து கசிந்த நச்சு வாயுவால் ஒரு குடும்பம் உறக்கத்திலேயே இறந்துபோயிருந்தது. அன்றைய மின் ஃப்ரிட்ஜுகளில் கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு போன்ற நஞ்சுகள்தாம் ஓடின. பம்பின் அச்சு நுழையும் இடத்தில் அவை கசியும். இதற்கு மேலான வழி இருந்தாக வேண்டும் என்று ஐன்ஸ்டைன், தம் இளைய நண்பர் லியோ ஸிலார்டுடன் சேர்ந்து, அசையும் உறுப்புகளே இல்லாத ஃப்ரிட்ஜுகளைத் திட்டமிட்டார். அவற்றுள் ஒன்றில் பியூட்டேன் குளிர்விக்க, அம்மோனியா அழுத்தத்தைச் சமன்செய்தது. 1930இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. உரிமையை எலெக்ட்ரோலக்ஸ் வாங்கிக்கொண்டது, செய்யவில்லை. ஸிலார்டு பின்னாளில் அணுக்கரு தொடர்வினையை முதலில் எண்ணியவர் என்றே நினைக்கப்படுகிறார். ஒரு குடும்பத்தின் சாவைப் படித்துக் கலங்கி அவர்கள் வரைந்த வரைபடங்கள் அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை.

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் எவன்ஸ்வில் நகரிலிருந்து செர்வெல் நிறுவனம் இந்த எரிவாயு ஃப்ரிட்ஜை விற்றது. அது ஓசையற்றது என்பதே அதன் பெரிய விளம்பரம். இருந்தும் தோற்றது. ஏன் என்று ரூத் ஷ்வார்ட்ஸ் கவன் என்ற வரலாற்றாசிரியர் 1985இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். ஃப்ரிட்ஜுக்கு அந்த முனகல் எப்படி வந்தது என்பதே அதன் தலைப்பு. சிறந்த பொறி வென்றது என்ற எளிய விடையை அவர் ஏற்கவில்லை. ஜெனரல் எலெக்ட்ரிக் போன்ற நிறுவனங்களிடம் பணமும் ஆய்வுக்கூடமும் விளம்பரமும் இருந்தன. இரவும் பகலும் மின்சாரம் குடிக்கும் ஒரு பெட்டி ஒவ்வொரு வீட்டிலும் இருப்பது மின் நிறுவனங்களுக்கு உவப்பாக இருந்தது. எரிவாயுக்காரர்களுக்கு அந்தப் பலம் இல்லை என்பது அவர் வாதம். பெருமளவு உண்மைதான். ஆனால் எங்களுக்கு ஒரு சிறு மறுப்பு உண்டு. ஒரே அளவு குளிருக்கு உறிஞ்சும் ஃப்ரிட்ஜ் கம்ப்ரெஸர் ஃப்ரிட்ஜைவிடப் பன்மடங்கு ஆற்றலைத் தின்னும். அது மெல்லக் குளிரும். வெயில் ஏறினால் திணறும். அழகான தீர்வுக்கும் நல்ல தீர்வுக்கும் இடையே உள்ள இந்தத் தூரத்தை இலக்கியம் படிப்பவர்கள் மறந்துவிடுகிறோம்.

மேலும் 1930இல் தாமஸ் மிட்ஜ்லி, ஃப்ரியான் என்ற புதிய வாயுவை அறிஞர் கூட்டத்தின்முன் மூச்சில் இழுத்து, அதை ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். நஞ்சில்லை, தீப்பிடிக்காது. கம்ப்ரெஸருக்கு இருந்த கடைசித் தடையும் நீங்கியது. அந்த வாயு வளிமண்டலத்தின் ஓசோனைத் தின்னும் என்று மோலினாவும் ரோலண்டும் 1974இல் காட்டினர். 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. இன்று வீட்டு ஃப்ரிட்ஜுகள் பலவற்றில் ஓடுவது ஐசோபியூட்டேன், ஐன்ஸ்டைனும் ஸிலார்டும் தேர்ந்த பியூட்டேனின் நெருங்கிய உறவு.

நகரத்து அடுக்களையில் தோற்ற ஃப்ரிட்ஜ், மின்கம்பி எட்டாத இடங்களுக்குக் குடிபெயர்ந்தது. மண்ணெண்ணெய் விளக்கு பொருத்திய வடிவம் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் சிறு மருத்துவமனைகளில் பல்லாண்டுகள் தடுப்பூசிகளைக் காத்தது. இன்னொரு வடிவம் காரவன்களிலும் கேம்பர் வேன்களிலும் ஏறிக்கொண்டது. ஜான் ஸ்டைன்பெக் 1960 செப்டம்பரில் சார்லி என்ற நாயுடன் அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பியபோது, டான் கிஹோத்தேயின் குதிரை பெயரால் ‘ரோஸினான்டே’ என்று அவர் அழைத்த வண்டியின் கூட்டில் பியூட்டேன் வாயுவில் இயங்கிய ஃப்ரிட்ஜ் ஒன்று இருந்தது. அவருடைய ‘ஈஸ்ட் ஆஃப் ஈடன்’ நாவலில் ஆடம் டிராஸ்க் தன் லெட்டூஸ் கீரையைப் பனிக்கட்டியில் பொதிந்து ரயிலேற்றி, வழியில் தாமதமாகி, பனி உருகி, கீரை அழுகி, செல்வத்தை இழப்பான். உருகும் பனிக்கு அஞ்சிய பாத்திரத்தைப் படைத்தவர், அந்த அச்சமில்லாமல் பயணம் போயிருக்கிறார்.

இந்த இயந்திரத்தையே கதாபாத்திரமாக்கிய நாவலும் உண்டு. பால் தெரூவின் ‘த மஸ்கிட்டோ கோஸ்ட்’, 1981. அமெரிக்காவை வெறுத்து ஹோண்டுராஸ் காட்டுக்குக் குடும்பத்தோடு போகும் ஆலி ஃபாக்ஸ், விறகுத் தீயில் பனிக்கட்டி செய்யும் ஒரு கட்டடம் அளவு பெரிய பொறியை அங்கே எழுப்புகிறான். உள்ளே ஓடுவது அம்மோனியாவும் ஹைட்ரஜனும். காட்டுக்கு நாகரிகத்தைத் தரும் கடவுளாகத் தன்னை அவன் நினைத்துக்கொள்கிறான். துப்பாக்கியோடு வந்தவர்களை அவன் அதற்குள் பூட்டிக் கொல்ல முனையும்போது பொறி வெடித்து, நஞ்சு ஆற்றில் கலக்கிறது. கற்பனைதான்; ஆனால் தெரூ தம் பாடத்தைப் படித்திருக்கிறார். வேனின் அந்தச் சிறு பெட்டிக்குள்ளும் இருப்பது அதே இரு வாயுக்கள், காரின் டயரில் இருப்பதைப்போல் சுமார் பத்து மடங்கு அழுத்தத்தில். ஒன்று கண்ணைக் குருடாக்கி மூச்சை அடைக்கும். மற்றது ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். குழாயின் உட்புறம் துருப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த குரோமேட் உப்பும் நஞ்சே. எங்கள் நண்பர் அறுக்க நினைத்தது இந்தக் குழாயைத்தான்.

மறுநாள் காலை ரம்பம் பெட்டிக்குள் போயிற்று. ஸ்வீடன் மாணவர்கள் வகுத்த சுற்று, பற்றவைத்து மூடப்பட்ட ஒன்று. அதை யாரும் திறப்பதில்லை. பழுது அதற்குள்ளே இருந்தால் ஃப்ரிட்ஜின் ஆயுள் முடிந்தது. வெளியே, தீயின் பக்கம் இருந்தால் சாதாரண மனிதர்களும் சரிசெய்யலாம். எந்தப் பக்கம் என்று அறிய வழி எளிது. வீட்டு மின்சாரத்தில் ஓடவிட வேண்டும். அப்போது தீயின் வேலையை ஒரு சிறு மின்சூடேற்றி செய்யும். செருகிவிட்டு ஐந்து மணி நேரம் காத்திருந்தோம். குழாய்களில் மஞ்சள் கறை இருக்கிறதா, அம்மோனியா வாடை வருகிறதா என்று தேடினோம், இரண்டும் இல்லை. மாலையில் உள்ளே கைவைத்தபோது தகடு சில்லென்றிருந்தது. உயிர் இருக்கிறது, நோய் தீயில்.

பர்னரைக் கழற்ற ஒரு முழுக் காலைப்பொழுது ஆயிற்று. துருப்பிடித்த திருகுகள் மூன்று. அவற்றில் ஒன்று முறிந்தது. வெளியே வந்த பர்னர் குழலுக்குள் சிலந்தி கூடு கட்டியிருந்தது. எரிவாயுவைக் கையாள்பவர்கள் இதைக் கேட்டால் வியக்கமாட்டார்கள். சிலந்திகளுக்கு இத்தகைய குழல்கள் மிகவும் பிடித்தமானவை. புகைபோக்கியிலிருந்து உதிர்ந்த துருச் செதில்கள் மேலே கிடந்தன. வாயு பீய்ச்சும் ஜெட்டின் துளை, முடியிழை நுழையும் அளவே இருக்கும். ஊரில் பம்பு ஸ்டவ் அடைத்துக்கொண்டால் பின்னால் குத்திய தலைமுறை நாம். கை தானாகப் பின்னைத் தேடும். இங்கே அது கூடாது. துளை துளியளவு பெரிதானாலும் சுடர் மஞ்சளாகும், கரி படியும், கார்பன் மோனாக்சைடு எழும். ஸ்பிரிட்டில் ஓர் இரவு ஊறவைத்து, காற்றால் ஊதித் துடைத்தோம்.

கார்பன் மோனாக்சைடைப் பற்றி இங்கே சொல்லாமல் போகக்கூடாது. ஓசையற்ற அந்தப் பழைய செர்வெல் ஃப்ரிட்ஜுகள், உற்பத்தி நின்று பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் காட்டுக் குடில்களில் ஓடிக்கொண்டிருந்தன. கரி அடைத்த பர்னர்களிலிருந்து வந்த மணமற்ற இந்த வாயுவால் உறங்கியவர்கள் இறந்தார்கள். அவற்றை இனிப் பயன்படுத்த வேண்டாம் என அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கை விடுத்தது. ஐன்ஸ்டைனைக் கலங்கவைத்த சாவு, அவர் விரும்பிய வகை ஃப்ரிட்ஜிலிருந்தே வந்தது. எங்கள் வேனில் தீக்குரிய காற்றும் புகையும் வெளிச்சுவரின் வழியே மட்டும் போய்வருமாறு கட்டப்பட்டிருந்தது. அந்தப் புகைவழியின் இணைப்புகள் ஒவ்வொன்றையும் பார்த்து, ஒன்றில் வெடித்திருந்த வளையத்தை மாற்றினோம். வாயுக் குழாயின் மூட்டுகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தோம். படுக்கைக்கு அருகே மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை மாட்டாமல் அதில் யாரும் தூங்கக்கூடாது என்று நண்பரிடம் வாக்கு வாங்கினோம்.

எரிந்தும் உடனே அணைந்ததற்குக் காரணம் வேறு. சுடரில் நுனியை நீட்டிக்கொண்டிருக்கும் தெர்மோகப்பிள் என்ற செப்புக் கம்பி அது. இரு வேறு உலோகங்களின் இணைப்பைச் சூடாக்கினால் மின்னோட்டம் பிறக்கும் என்பது தாமஸ் ஸீபெக் 1821இல் கண்டது. இங்கே பிறப்பது ஒரு வோல்ட்டில் சில நூற்றில் ஒரு பங்கு. வாயு வால்வைத் திறந்து பிடித்திருக்க அது போதும். சுடர் அணைந்தால் மின்சாரம் நின்று வால்வு தானே மூடிக்கொள்ளும். ஆகவே கொளுத்தும்போது பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும், நுனி சூடேறும்வரை. எங்கள் நுனி கரியால் மூடியிருந்தது. உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தபின் வால்வு பிடித்துக்கொண்டது. இந்த ஒரு கம்பிக்காகப் புதிய ஃப்ரிட்ஜ் வாங்கியவர்கள் இருக்கக்கூடும் என்று எண்ணிக்கொண்டோம்.

உள்ளே அடைப்பு ஏற்பட்ட பெட்டிகளைக் கழற்றித் தலைகீழாக நிறுத்திவைத்து, ஒருநாள் கழித்து நிமிர்த்தி ஓட்டும் ஒரு வைத்தியம் பழைய ஆட்களிடம் உண்டு. சில நேரம் பலிக்கும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் அடைப்பு ஏன் வருகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். குமிழியும் சொட்டும் வழிவதும் மட்டுமே இயக்கும் சுற்று, சாய்ந்து நின்றால் வழியாது. கொதிகலனுக்குத் திரும்ப வேண்டிய திரவம் எங்கோ தேங்கிவிடும். வறண்ட கொதிகலனில் அந்தக் குரோமேட் உப்பு படிந்து மெல்லிய குழாயை அடைத்துவிடும். ஒரு சரிவில் ஒரு நாள் முழுவதும் எரியவிட்டதால் செத்த ஃப்ரிட்ஜுகள் ஏராளம். ஓடும்போது அப்படியாவதில்லை, வண்டி இப்படியும் அப்படியும் அசைந்து திரவத்தை அலம்பிவிடுகிறது.

நண்பரின் வாசல் தெருவை நோக்கிச் சரிந்தது. பக்கத்து வீட்டில் கொத்து வேலை செய்துகொண்டிருந்தவரிடம் ரசமட்டம் ஒன்றை இரவல் வாங்கி, ஃப்ரிட்ஜின் தளத்தில் வைத்துப் பார்த்தோம். குமிழி ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. முன் சக்கரங்களுக்கு அடியில் பலகைத் துண்டுகளைக் கொடுத்து வண்டியை மெல்ல ஏற்றினோம். குமிழி நடுவுக்கு வந்தது. பொத்தானை அழுத்திக் கொளுத்தி, மனத்துக்குள் நாற்பதுவரை எண்ணிக் கையை எடுத்தோம். பார்ப்பதற்கென்று விட்டிருந்த சிறு கண்ணாடியில் நீலச்சுடர் நின்றது.

அதன்பின் ஒன்றும் நடக்கவில்லை. இந்தப் பெட்டியிடம் பொறுமையைக் கற்க வேண்டியிருக்கிறது. ஓடுகிறதா என்று காது கொடுத்தால் ஒலியில்லை. எப்போதாவது, யாரோ தொலைவில் ஒரு மிடறு விழுங்கியதுபோல் சிறிய களக். தாயார் எவர்சில்வர் டம்ளரில் நீர் ஊற்றி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். இரவு பத்து மணிக்குத் திறந்து பார்த்து, “பச்சைத் தண்ணிதான்” என்றார். நாங்கள் படுக்கப் போனோம்.

காலையில் எங்களை எழுப்பியவர் அவர்தான். குளிர்த் தகட்டை ஒட்டி வைத்திருந்த டம்ளரில் நீரின்மேல் கண்ணாடித் தாள்போல் ஓர் ஏடு படிந்திருந்தது. அதை விரலால் உடைத்து, குனிந்து, கிராதி வழியே அடியில் எரியும் சுடரையும் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பாலை எடுத்து வந்தார்.